பத்து உதைக்கு எட்டு

அதைத் தொட்டி என்று சொல்லக்கூடாதாம். 'சேய்ப்பேழை' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டுமாம். கடற்கரைச் சாலையில் புதிதாகக் கட்டியிருந்த தாய்சேய் மையத்தின் வாசலிலேயே இதைப் போர்டு எழுதி மாட்டியிருந்தார்கள். உள்ளே போனால், தரை துடைக்கிற அக்காவிலிருந்து ஸ்கேன் எடுக்கிற பெண் வரை எல்லோர் வாயிலும் தொட்டிதான். தண்ணீர் நிற்கிறது, மூடி இருக்கிறது, குழாய் போகிறது. இதற்கு மேலும் ஒரு பொருள் தன்னைத் தொட்டி என்று எப்படித்தான் நிரூபிக்கும்?

பிள்ளை ஏழு மாதம் வயிற்றில் இருக்கும். அப்புறம் ஓர் ஆபரேஷன். மிச்ச நாளை அந்தத் தொட்டியில் கழித்துவிட்டு முழு எடையோடு வெளியே வரும். குறைமாதப் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த சங்கதி இது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் நல்ல பொருள் ஒன்று கையில் கிடைத்தால் அதை வேண்டாதவர்கள் தலையிலும் கட்டிப் பார்ப்பது நம் வழக்கம். எங்கள் தலையில் கட்டினார்கள். எங்கள் என்றால், உடம்பின் கீழ்ப்பாதியில் உணர்ச்சி இல்லாமல் சக்கர நாற்காலியில் போகிற பெண்கள்.

என் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்திரண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். இதைச் சொன்னதும் பலபேர் என் நாற்காலியைப் பார்ப்பார்கள், பிறகு வானத்தைப் பார்ப்பார்கள். கிரேன் உச்சியில் ஏறி உட்கார்ந்து ஓட்டிய காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லோரும் ஏ.சி. அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்துதான் ஓட்டுகிறார்கள். மற்றவர்களுக்குக் கம்பெனி நாற்காலி கொடுக்கிறது, நான் சொந்தமாகக் கொண்டுவருகிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

தூரத்தில் உட்கார்ந்து ஓட்டினால் கிரேன் தூக்குகிற சரக்குப் பெட்டி காற்றில் ஆடுவது உடம்புக்குத் தெரியாது. அதற்காக முன்கையில் ஒரு பட்டை கட்டிக்கொள்வோம். பெட்டி இடது பக்கம் ஆடினால் பட்டை இடது பக்கம் பிடிக்கும். வேகமாக ஆடினால் சுருக்கென்று பிடிக்கும். எட்டு வருஷமாக நாற்பது டன் பெட்டிகளின் ஆட்டத்தை என் கையில் வாங்கியிருக்கிறேன். எந்தப் பெட்டி சாது, எந்தப் பெட்டி அடங்காப்பிடாரி என்று தூக்கிய நொடியிலேயே சொல்லிவிடுவேன்.

என் உடம்புக் கதை சுருக்கமானது. பதினாறு வயதில் பள்ளிக்கூட ஆட்டோ கவிழ்ந்தது. மார்புக்குக் கீழே அன்றோடு கரன்ட் கட். அவ்வளவுதான், அதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் கிளாட்வின் பேக்கரியில் மக்ரூன் போடுகிறவர். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தப் பண்டம் மாதிரியே மிருதுவான ஆள், தொட்டால் உடைந்துவிடுவார். நான் உண்டாகியிருக்கிறேன் என்று தெரிந்ததும் உறவு சனம் எல்லாம் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்தார்கள், ஏதோ ஏடாகூடம் செய்துவிட்ட மாதிரி. அவர் பெரியம்மா வந்து, எப்படி இது நடந்தது என்று என்னிடமே கேட்டார். எல்லோருக்கும் நடக்கிற மாதிரிதான் பெரியம்மா, வேண்டுமானால் விவரமாகச் சொல்கிறேன் என்றேன். காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஐந்தாம் மாதம் பிள்ளை அசைய ஆரம்பித்தது. எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் கை வைத்துக்கொண்டு தூங்கிப்போன கிளாட்வின்தான் அலறிக்கொண்டு எழுந்தார். நானும் கை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு தட்டு. ஒருவர் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி இருந்தது. நான் அன்று முழுக்கக் கையை எடுக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போனால் இரண்டு கையும் கிரேன் பிடியில் இருக்குமே, எட்டு மணி நேரம் அது என்ன செய்கிறது என்றே தெரியாதே என்று அழுகை அழுகையாக வந்தது.

அப்போதுதான் பேச்சிமுத்துவிடம் சொன்னேன். எங்கள் கிரேன்களுக்கு எலக்ட்ரீஷியன், நாற்பது தாண்டியவர், வாயில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ வைத்திருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, என்னைவிட மூத்தவராக இருந்தும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று கேட்டால், நீங்க திட்டுத திட்டுக்கு அக்கான்னாத்தான் பொருந்தும் என்பார். மருந்துக்கடையில் விற்கிற வயிற்றுப் பெல்ட் ஒன்றை வாங்கி, அதில் உள்ள சென்சார்களை ஸ்டோரில் சும்மா கிடந்த கிரேன் பட்டை ஒன்றோடு இணைத்துக் கொடுத்தார். ஆவலாகக் கட்டிக்கொண்டேன். பட்டை செத்த பாம்பாகக் கிடந்தது. திரையில் மட்டும் கொட்டை எழுத்தில் வந்தது: 'பெட்டி காலி.'

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தேம்ப ஆரம்பித்துவிட்டேன். பேச்சிமுத்து வாயிலிருந்த ஸ்க்ரூவைத் துப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். தப்பு அவருடையதுதான். இரண்டு டன்னுக்குக் குறைந்த எதையும் கிரேன் சரக்காகவே மதிக்காது, தவிர ஆட்டம் வந்தால் அதை அமுக்கிச் சமன்செய்வதுதான் அதன் வேலை. அந்த இரண்டு ஏற்பாட்டையும் கழற்றி வைக்க மறந்துவிட்டார். அரை மணி நேரத்தில் சரிசெய்தார். ஒரு கிராமை ஒரு டன் என்று கிரேனிடம் பொய் சொல்லிவிட்டாராம். அப்புறம் என் பிள்ளை அறுநூறு டன் ஆகிவிட்டது. துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் சேர்ந்தாலும் தூக்க முடியாத அந்தச் சரக்கு முதல் முறையாக என் இடது கையைச் சுருக்கென்று பிடித்தது. அடங்காப்பிடாரி என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து பிள்ளை என் கையில்தான் வளர்ந்தது. பத்து மணிக்கு விழிக்கும். இஞ்சி போட்ட டீ குடித்தால் இரண்டு குட்டிக்கரணம். கிளாட்வின் பாடினால் அசையாது, பாவம், பொறுத்துக்கொள்ளும்.

இருபத்தெட்டாவது வாரம் மையத்திலிருந்து கடிதம் வந்தது. அசைவு உணர்வுச் சோதனைக்கு வரவும்.

சோதனை நடத்துகிறவர் டாக்டர் இந்துமதி. நல்ல மனுஷி, அதைச் சொல்லிவிட வேண்டும். யாரைப் பார்த்தாலும் 'ம்மா' சேர்த்துத்தான் பேசுவார், போகும்போது தோளைத் தட்டுவார். அவரும் கர்ப்பிணி, எனக்கு மூன்று வாரம் முந்தியவர். விதியை அவர்தான் விளக்கினார்.

"வயித்துல பிள்ளை அசையறது குறைஞ்சா, அதும்மா முதல் எச்சரிக்கை. அது தெரியாத அம்மா வயித்துல பிள்ளையை விட்டு வைக்கறது ஆபத்து. பத்து தடவை அசைஞ்சா எட்டு தடவை நீங்க உணரணும். இல்லேன்னா பேழைக்கு மாத்திடுவோம். உங்க நல்லதுக்குத்தான்."

கட்டிலில் படுக்க வைத்து, மையத்தின் பெல்ட்டை வயிற்றில் கட்டி, வலது கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். பிள்ளை அசைவதை மெஷின் குறித்துக்கொள்ளும். எனக்குத் தெரிகிறபோது நான் அமுக்க வேண்டும். என் பெல்ட்டையும் பட்டையையும்கூடக் கட்டியிருந்தேன். பத்துக்குப் பத்து. நர்ஸ் மேரி ஸ்டெல்லா கைதட்டப் போய், டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டாள்.

இது செல்லாதாம். கருவி உணர்ந்ததே தவிர, தாய் உணரவில்லையாம். அப்படியென்றால் மசக்கை வந்தது கருவிக்கா என்று கேட்டேன். சரி, பட்டை வேண்டாம், கையை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கை வெளி உறுப்பு, அதுவும் கூடாது என்றார். பட்டையும் இல்லாமல் கையும் இல்லாமல் மறுபடி படுத்தேன். குத்துமதிப்பாக இரண்டு தடவை அமுக்கினேன். இரண்டும் தப்பு. பத்துக்குப் பூஜ்யம்.

நான் எழுந்து உட்காருவதற்குள் போனில் ஆணை வந்துவிட்டது. ஏழு நாள் கெடு. அடுத்த வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அதை ரத்து செய்ய முடியாதா என்று கேட்டதற்கு, மெஷின் போட்ட ஆணையில் தன்னால் கை வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லி, தோளைத் தட்டினார்.

எனக்கு ருக்சானா நினைவு வந்தது. காயல்பட்டினத்துப் பெண். விபத்துக்குப் பிறகு நான் மறுவாழ்வு மையத்தில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில். மரத்திலிருந்து விழுந்து, என்னைப் போலவே மார்புக்குக் கீழே எதுவும் தெரியாது. வாய்க்கு மட்டும் இரண்டு ஆளுக்கான உணர்ச்சி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே டாக்டர் கையால் இதே சோதனையில் பூஜ்யம் வாங்கி, கையெழுத்துப் போட்டு, பிள்ளையைத் தொட்டியில் விட்டவள். தினம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்வை நேரம். காயல்பட்டினத்திலிருந்து வேன் பிடித்து வந்து கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இட்லிப் பானை மாதிரி வெதுவெதுன்னு இருக்குடி என்பாள். பிள்ளை மர்யம் இன்றைக்கு ஜோராக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள், கூரியர்ல வந்த மாதிரி கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன் என்று. நானும் சிரித்தேன். அப்புறம் அவள் மர்யத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கிளாட்வின் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை நல்லபடியா இருந்தாப் போதாதாட்டி? தொட்டியில இருந்தா என்ன, உன் வயித்துல இருந்தா என்ன?"

நியாயமான கேள்விதான். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"பதினாறு வருசமா என் கீழ்ப்பாதியில என்ன நடந்தாலும் அது அடுத்தவங்க வேலைங்க. கழுவுதது, தூக்குதது, திருப்பிப் போடுதது, ஊசி குத்திப் பாக்குதது. எனக்குன்னு அங்க ஒண்ணும் நடந்ததே இல்ல. இப்பத்தான் ஒண்ணு நடக்கு. அதையும் எடுத்துக் கண்ணாடிக்குள்ள வச்சிட்டு, நாலு மணிக்கு வந்து பாருன்னா எப்படி?"

அவர் மறுபடி அழ ஆரம்பித்தார். இந்த முறை என் கட்சியில் இருந்துகொண்டு அழுதார்.

மறுநாள் மதியம் மையத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், ஆனால் டாக்டர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? காத்திருந்தேன். அவரும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், தன் பிள்ளை நாள் முழுக்கக் கால்பந்து ஆடுவதாகவும், ஒரு உதைகூடத் தனக்குத் தப்பாது என்றும், தாய்க்கு அது இயற்கை கொடுத்த வரம் என்றும் சொன்னார். பத்துக்கு எட்டு என்று வைத்ததே எங்களுக்குப் போட்ட கருணை மார்க் என்கிற மாதிரி பேச்சு போனது.

எனக்கு அப்போதுதான் தோன்றியது. அந்த எட்டு எங்கிருந்து வந்தது? யாரைப் படுக்க வைத்து எண்ணினார்கள்? கேட்டேன். டாக்டர் யோசித்தார். மேலிருந்து வந்தது என்றார்.

"மேடம், நீங்க ஒருதடவை படுத்துக் காட்டுங்களேன். எட்டு எப்படி எடுக்கணும்னு பாத்துக் கத்துக்கிடுதேன்."

மேரி ஸ்டெல்லா இடையில் புகுந்து, இந்த மெஷினில் ஒத்திகை என்று எதுவும் கிடையாது, படுத்தால் பதிவாகிவிடும் என்று எச்சரித்தாள். டாக்டர் சிரித்தார். பதிவானால் என்ன, நல்ல மார்க்தானே பதிவாகும்? கட்டிலில் ஏறிப் படுத்தார். கேமரா அவர் முகத்தைப் பார்த்தது, அங்கேயே கர்ப்பிணியாகப் பெயர் பதிந்தவர் என்பதால் அடையாளம் கண்டுகொண்டு, வணக்கம் இந்துமதி, முப்பத்தொன்றாவது வாரம் என்றது.

நாற்பது நிமிடம் ஆனது. டாக்டர் முதலில் புன்னகையோடு அமுக்கினார். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அமுக்கினார். கடைசியில் பரீட்சை மணி அடிக்கப்போகிற பிள்ளை மாதிரி டக்டக்கென்று அமுக்கினார். மெஷின் கணக்கை வாசித்தது. பிள்ளை அசைந்தது பத்து. தாய் அமுக்கியது பதினாறு. அதில் பொருந்தியது நான்கு.

மிச்சப் பன்னிரண்டும் சுண்டல்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வந்ததை நானும் விழுங்கிக்கொண்டேன். யாருக்கு வேண்டுமானாலும் இப்படித்தான் வரும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். தாய்மார்களுக்குப் பாதி உதை தெரிவதே இல்லை, நடக்கும்போது, பேசும்போது, கவலைப்படும்போது எல்லாம் தப்பிவிடும். ஆனால் அவர்களை யாரும் படுக்க வைத்து எண்ணுவதில்லை. உணர்ச்சி இல்லாதவர்கள் என்று பட்டியல் போட்டு வைத்திருந்த எங்களைத்தான் எண்ணினார்கள்.

மெஷினுக்கு அந்த நாசூக்கு எல்லாம் தெரியவில்லை. பட்டியல் என்பது யாரைச் சோதிக்கலாம் என்பதற்குத்தானாம், சோதித்த பிறகு எல்லோருக்கும் ஒரே விதியாம். டாக்டர் எழுவதற்குள் அவர் போன் மணி அடித்தது. ஆணை. ஏழு நாள் கெடு. அதன் நகல் கோயம்புத்தூரில் இருந்த அவர் கணவருக்கும் போயிருந்தது. அவர் உடனே கூப்பிட்டார். அறை அமைதியாக இருந்ததால் அவர் கேட்டது எங்களுக்கும் நன்றாகக் கேட்டது.

"என்ன இந்து, நம்ம பிள்ளையைத் தொட்டியில போடறாங்களாமே?"

பேழை என்று டாக்டர் திருத்தவில்லை.

நான் அவரைக் கேலி செய்திருக்கலாம். வாயில் நாலைந்து வாக்கியம் தயாராகவும் இருந்தது. ஆனால் அவர் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். நேற்று நானும் அதே கட்டிலில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் அவர் தோளைத் தட்டினேன். அதில் கொஞ்சம் குசும்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் டாக்டர் விதிப் புத்தகத்தைத் திரையில் திறந்தார். பதினொரு பக்கம். எனக்கு ரத்து செய்ய முடியாத ஆணைக்கு, அவருக்கு வந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு வழி கிடைத்துவிட்டது. கடைசிப் பக்கம், மேல்முறையீடு. குழந்தை மருத்துவர் ஒருவரும், இதே ஆணையின்படி பேழையில் பிள்ளை பெற்ற தாய் ஒருவரும் கையெழுத்திட்டால் ஆணை ரத்தாகும். அந்தப் பக்கத்தை அவர் அன்றுதான் முதல் முறையாகப் படிக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ருக்சானா உங்க தோழிதானேம்மா?"

குழந்தை மருத்துவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற ரகம், அன்றே போட்டுவிட்டார். ருக்சானா மூன்றாம் நாள்தான் வந்தாள். போனில் விஷயத்தைச் சொன்னபோது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். வருவாளா என்றே எனக்குச் சந்தேகம். திங்கட்கிழமை மதியம், மர்யத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியை உருட்டி வந்து சேர்ந்தாள். மர்யம் இறங்கி அறையைச் சுற்றி ஓட ஆரம்பித்தது.

என் தாளை முதலில் வாங்கினாள். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'பத்துக்குப் பத்து எடுத்தவள். வேறு பேச்சே வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. பிறகு டாக்டர் தாளை எடுத்தாள். பேனாவை மூடினாள்.

"இந்தக் கடைசிப் பக்கம் எம் புள்ள நேரத்துலயும் இருந்துச்சா டாக்டர்?"

டாக்டர் மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை.

"இருந்தது."

"பொறவு ஏன் எனக்குச் சொல்லல?"

"நான் படிக்கலை, ருக்சானா."

மர்யம் மேசைக்கு அடியில் எதையோ கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ருக்சானா பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டால் நான் தடுக்க மாட்டேன் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். கிழித்திருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

"நான் படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றாள்.

படித்தாள். டாக்டர் அச்செடுத்து வைத்திருந்த விதிப் புத்தகத்தின் பதினொரு பக்கமும் படித்தாள். அடிக்குறிப்பைப் படித்தாள், அச்சகத்தின் பெயரைப் படித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் விரலை நாக்கில் தொட்டு நிதானமாகத் திருப்பினாள். எங்கள் இருவருக்கும் உட்கார நாற்காலி இருந்தது, டாக்டர்தான் நின்றுகொண்டிருந்தார். நடுவில் தலையைத் தூக்கிப் பார்த்து, புள்ளத்தாச்சி நிக்கப்படாது, உக்காருங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். முக்கால் மணி நேரம் கழித்துப் பேனாவைத் திறந்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

'இந்த அம்மாவுக்கு உணர்ச்சி கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் பிள்ளையை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார். போகப் போகப் பழகிவிடும்.'

கையெழுத்துப் போட்டாள். டாக்டர் அதை வாசித்தார், இரண்டு தடவை. மறுநாள் அந்தப் பதினோராவது பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில், சேய்ப்பேழை என்று சொல்லவும் என்ற போர்டுக்குக் கீழே, தன் கையாலேயே ஒட்டினார். விதி இன்னமும் மாறவில்லை, பரிசீலனையில் இருக்கிறதாம். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கண்ணில் படாமல் யாரும் அந்த வாசலைத் தாண்டவில்லை.

எனக்கு முப்பத்தெட்டாவது வாரம் வலி கண்டது. வலி என்று ஊர் வழக்கத்துக்குச் சொல்கிறேன். காலை பதினோரு மணிக்கு ஒரு பெட்டியைக் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது மண்டை பிளந்தது, நெற்றி வியர்த்தது, கையெல்லாம் புல்லரித்தது. எங்களுக்குப் பிரசவம் இப்படித்தான் வரும், தலை வழியாக. இடது கையில் பட்டை இறுக ஆரம்பித்து, மெல்ல மெல்ல இறுகி, நின்று, அப்புறம் விட்டது. பத்து நிமிடத்தில் மறுபடி. பெட்டியை லாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, எனக்கு நேரம் வந்துவிட்டது என்று சொன்னேன். பேச்சிமுத்துவின் வாயிலிருந்து ஸ்க்ரூ தானாக விழுந்தது.

டாக்டர் இந்துமதி பெற்றுப் பிழைத்து வீட்டில் இருந்தார். போனில் மட்டும் நாலு தடவை கேட்டுவிட்டார். பணியில் இருந்த டாக்டர், இந்தத் தலைவலியோடு ரத்த அழுத்தம் ஏறினால் எனக்கு ஆபத்து என்று, ஒரு கையில் டிரிப்ஸும் மறு கையில் அழுத்தம் பார்க்கிற பட்டையும் போடச் சொன்னார். என் பட்டைக்கு இடமில்லை, கழற்ற வேண்டும் என்றார்கள். துணைக்கு ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். கிளாட்வின் வந்து, என்னைவிடச் சத்தமாக அழுது, வெளியே அனுப்பப்பட்டிருந்தார். அவருக்குப் பதிலாகக் காயல்பட்டினத்திலிருந்து வேனில் வந்து இறங்கியிருந்தவள் தன் கையை நீட்டினாள்.

"அதை இங்க கட்டு."

கட்டினார்கள். இரண்டு நிமிடத்தில் பட்டை இறுகியது. ருக்சானாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிள்ளைக்கு இது எதுவும் நடந்திருக்கவில்லை. "வருது" என்றாள். கொஞ்சம் கழித்து, "விட்டுட்டு" என்றாள். வருது, விட்டுட்டு, வருது. எல்லாம் திரையில் கோடு கோடாக ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் டாக்டரோ நர்ஸோ அவளை நிறுத்தச் சொல்லவில்லை. மேரி ஸ்டெல்லா ஒரு கட்டத்தில் திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு மேல் ருக்சானா பல்லைக் கடித்துக்கொண்டு, தன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முக்க ஆரம்பித்தாள். நான்தான் அவளுக்கு, மூச்சை இழுத்து விடு, ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்னேன். என்னால் முக்க முடியாது என்பதால் டாக்டர் பிள்ளையின் தலையில் உறிஞ்சுகிற கிண்ணம் வைத்து இழுத்தார்.

"நின்னுபோச்சு" என்றாள் ருக்சானா. முகம் வெளுத்துவிட்டது. "ஜெசி, ஒண்ணுமே தெரியல. நின்னுபோச்சுடி."

பிள்ளை அழுதது.

பெண். எனக்கு உணர்ச்சி இருக்கிற இடம் எது என்று கேட்டு, கழுத்துக்குக் கீழே, மார்பின் மேல்பகுதியில் கொண்டுவந்து வைத்தார்கள். சூடாக, ஈரமாக, நல்ல கனமாக இருந்தாள். எனக்குத் தெரிந்தது. முழுசாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ருக்சானா அழுதுகொண்டிருந்தாள், கேலி எதுவும் கலக்காமல். நான் அவளை அப்படி முன்பு பார்த்ததே இல்லை.

பட்டை துறைமுகத்துச் சொத்து, ஸ்டோரில் திருப்பி வைக்க வேண்டும் என்று மறுநாள் காலை பேச்சிமுத்து வாங்க வந்தார். பெல்ட்டை எப்போதோ கழற்றிவிட்டார்கள், அந்தப் பட்டையில் இனி வர ஒன்றுமில்லை. ருக்சானா வலது கையால் என் மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பட்டை இன்னும் அவள் இடது கையில் இருந்தது.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.